அமிர்தவல்லியின் ஆமைக்கீரைப் பட்டியல்

ஒரு காட்டில் ஆமை வளர்க்காத வீடே கிடையாது என்ற நிலைமை வந்திருந்தது. நாய் வளர்க்கலாம் என்றால் நாய்களெல்லாம் ஊருக்குள் காவல் வேலைக்குப் போய்விட்டன. கிளி வளர்த்தால் வீட்டு விஷயத்தை மரத்துக்கு மரம் போய்ச் சொல்லிவிட்டு வரும். ஆமையிடம் அந்தத் தொல்லை இல்லை. காலையில் விட்ட இடத்திலிருந்து சாயங்காலம் பத்தடி தள்ளிக் கிடக்கும். போய் எடுத்து வந்தால் போதும்.

ஆமைகள் இதற்கு எப்படிச் சம்மதித்தன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் காட்டில் குடிமகன் என்றால் குடும்ப அட்டை வேண்டும். அட்டைக்கும் வரிசை, அட்டையைக் காட்டி இலைதழை வாங்கவும் வரிசை. வரிசையில் நின்றால் பின்னாலிருந்து முயல்கள் முந்தும். ஆமை கவுண்டரை எட்டும்போது கதவைச் சாத்தியிருப்பார்கள். மூன்று தலைமுறை இப்படியே போன பிறகு ஆமைகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. வனவாசிகள் நலத்துறையில் 'வளர்ப்புப் பிராணி' என்று ஒரு பிரிவு இருந்தது. படிவம் எட்டில் கால் நகத்தைப் பதித்தால் போதும், இருக்க இடமும் வேளைக்குச் சாப்பாடும் வளர்ப்பவர் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வளர்ப்புப் பிராணி பேசக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அது குடிமகன் ஆகிவிடும். அட்டையை வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போய்விட வேண்டும்.

இதுவரை பேசி என்னத்தைக் கண்டோம் என்று ஆமைகள் மொத்தமாக வாயை மூடிக்கொண்டன.

அந்தக் காட்டில் கடைசியாக ஆமை வளர்க்க ஆசைப்பட்டவள் அமிர்தவல்லி என்கிற கீரி. கீரிகளுக்கு அங்கே ஒரு தனி மரியாதை. பாம்போடு சண்டை போட்டுக் கடிபட்ட கீரி புதருக்குள் ஓடி ஏதோ ஒரு மூலிகையைத் தின்றுவிட்டு வரும், அதனால்தான் அதற்கு விஷம் ஏறுவதில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். தும்மல் வந்தாலும் அமிர்தவல்லியிடம் வருவார்கள், சொறி வந்தாலும் அமிர்தவல்லியிடம் வருவார்கள்.

உண்மையில் அவளுக்கு ஒரு செடியும் தெரியாது. அவள் தின்பது எலி, ஓணான், முட்டை. செடி என்றால் எலி ஒளிந்துகொள்ளும் இடம், அவ்வளவுதான் அவளுடைய தாவர அறிவு. அவள் அப்பா ஒருமுறை பாம்புச் சண்டைக்கு நடுவே புதருக்குள் ஓடியதை அவளே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். உள்ளே போன மனிதர் எந்த மூலிகையையும் தேடவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "யாரும் பாக்கலையே?" என்று மட்டும் கேட்டார். கீரியை மனிதர் என்று சொல்லிவிட்டேன், இருக்கட்டும், அந்த நேரத்தில் அவர் அப்படித்தான் இருந்தார். இதை வெளியே சொல்லிவிடலாம் என்று அமிர்தவல்லி நினைத்ததுண்டு. ஆனால் உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிற மரியாதையை எழுந்து போய்த் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

விண்ணப்பப் படிவத்தில் 'ஆமைக்கு உகந்த காட்டுச் செடிகளை அறிவீரா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அமிர்தவல்லி அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தாள். நலத்துறை குமாஸ்தா பிச்சமுத்து என்கிற வெள்ளாடு, படிவத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"உங்ககிட்டப் போய் இதக் கேட்டா எங்களுக்குத்தாம்மா அசிங்கம்" என்று சொல்லி அவனே 'ஆம்' என்று எழுதினான். எழுதிவிட்டுப் படிவத்தின் ஓரத்தைக் கடித்துத் தின்றான். அந்த அலுவலகத்தில் முத்திரை அதுதான்.

இப்படியாக ஒரு நட்சத்திர ஆமை அவள் வளைக்கு வந்து சேர்ந்தது. அவள் அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள்.

முதல் நாள் அரளிப் பூ பறித்துக்கொண்டு வந்தாள். "ரோஸ் கலர்ல எவ்வளவு அழகா இருக்கு பாரு. சாப்பிடு ராசா" என்றாள். துரை தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அதைவிட அழகாக இருக்கட்டும் என்று ஊமத்தம்பூ கொண்டு வந்தாள். நான்கு கால்களையும் இழுத்துக்கொண்டான். சிவப்பும் கறுப்புமாகப் பளபளத்த குன்றிமணியைக் கண்டதும் வாலையும் இழுத்துக்கொண்டு வெறும் ஓடாகக் கிடந்தான். கடைசியில் தன் பங்கு முட்டையில் பாதியை உடைத்து வைத்தாள். அதை எறும்புகள் தின்றன.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. அமிர்தவல்லி மணிக்கொரு தரம் துரையைத் தூக்கி எடை பார்த்தாள். காரணம் இருந்தது. மாதம் ஒருமுறை நலத்துறையின் துணை இயக்குநர் சம்பந்தம் என்கிற நரி வந்து ஆமைகளை எடை போடுவார். எடை குறைந்த ஆமையை மீட்பு மையத்துக்கு அனுப்பிவிடுவார். மீட்பு மையம் அவருடைய வீட்டுக் கொல்லையில் இருந்தது. அங்கே போன ஆமை ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அவர் வீட்டில் தண்ணீர் மொண்டு வைக்க ஓட்டுச் சட்டிகளுக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை. இந்த இரண்டு விஷயத்தையும் சேர்த்து வைத்து யோசிக்க அந்தக் காட்டில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அமிர்தவல்லிக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லாததால் நேரம் கிடைத்தது.

நான்காம் நாள் காலையில் அவள் துரைக்கு எதிரே உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுடா ராசா. எது கீரை, எது விஷம், ஒரு எழவும் தெரியாது. வெளியில சொல்லிடாத. உனக்கு எது வேணும்னு நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

துரை பேசவில்லை, படிவம் எட்டு அவனைப் பேசவிடாது. ஆனால் நடக்கக் கூடாது என்று எந்தப் படிவத்திலும் இல்லை. அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததாக அவளுக்குத் தோன்றியது, பசியாகவும் இருக்கலாம். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே ஓடி, கண்ணில் பட்டதையெல்லாம் ஒவ்வொரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்து வரிசையாக வைத்தாள். பத்துச் செடி. துரை முதல் செடியைத் தாண்டினான். இரண்டாவதைத் தாண்டினான். ஒன்றைத் தாண்ட அவனுக்குப் பிடித்த நேரத்தில் அவள் ஒரு எலியைப் பிடித்துத் தின்றுவிட்டு வரலாம். ஏழாவதாகக் கிடந்த ஒரு கொடிக்கு எதிரே நின்றான். வாயைத் திறந்தான். இலை, தண்டு, ஊதாப் பூ எல்லாவற்றையும் நறுக் நறுக்கென்று தின்று தீர்த்தான்.

அமிர்தவல்லி ஆனந்தத்தில் அவனுடைய ஓட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கொடியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றி குஞ்சிதத்திடம் போனாள். குஞ்சிதமும் பாப்பா என்று ஒரு ஆமை வளர்த்தாள்.

"ஏன் குஞ்சிதம், இதுக்கு உங்க பக்கம் என்ன பேரு சொல்லுவீங்க?" என்று சர்வ சாதாரணமாகக் கேட்டாள்.

"மூக்கிரட்டைம்போம். ஏங்க்கா, பாப்பாவுக்கு இதக் குடுக்கலாமா?"

"தாராளமா."

அன்றிலிருந்து தினமும் காலையில் வரிசை வைப்பது வழக்கமாயிற்று. துரை துத்தி இலையைத் தின்றான். துத்தி நல்லது. செம்பருத்தியைத் தின்றான். செம்பருத்தி நல்லது. எருக்கைத் தாண்டினான். எருக்கு ஆகாது. அவள் ஒரு பட்டியல் போட்டாள். பிச்சமுத்துவிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டுப் பார்த்தார்கள். ஆடாதொடையைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாம் சாப்பிடத் தகுந்தவைதான் என்று அவன் சொன்னான். கேட்க வந்தவர்கள் கையிலிருந்த துணிப்பையையும் அதில் சேர்த்துச் சொன்னான்.

அமிர்தவல்லியின் பெயர் பரவியது. 'ஆமை வளர்ப்போர் சங்கம்' என்று செல்போனில் ஒரு குரூப் தொடங்கி அவளை அட்மின் ஆக்கினார்கள். காலை வணக்கம் நாற்பது வரும், நடுவில் ஒரு செடியின் படம் வரும். படத்தில் பாதிக்கு மேல் அனுப்பியவரின் மூக்கே இருக்கும். 'அம்மா, இது ஆமைக்கு ஆகுமா?' என்று கேட்டிருப்பார்கள். அவள் போனைத் துரைக்கு முன்னால் பிடிப்பாள். ஒருநாள் செம்பருத்திப் படத்தை நிஜமென்று நினைத்து அவன் கடித்துவிட்டான். கண்ணாடியில் விரிசல் விழுந்தது. 'ஆகும்' என்று அவள் பதில் போட்டாள். அதற்குப் பிறகு போனைக் கடித்தால் ஆகும், கடிக்காவிட்டால் ஆகாது என்று வேலை சுலபமாகிவிட்டது.

ஆனால் ஒரு சங்கடம் முளைத்தது. அவள் எதை நல்லது என்று சொன்னாலும் அன்று மாலைக்குள் காட்டில் அது ஒரு இணுக்கு மிச்சமில்லாமல் போய்விடும். வளர்ப்பவர்கள் கூடை கூடையாகப் பறித்து வீட்டில் காயப்போட்டார்கள். மூக்கிரட்டை மூன்று நாளில் தீர்ந்தது. துத்தி அடுத்த நாளே காலி. துரை கொடிக்காகத் தேடித் தேடி நடந்ததை அமிர்தவல்லி பார்த்தாள். அவன் முகம் வாடியதையும் பார்த்தாள். பாவம், ஆமைக்கு முகம் வாடினால் கண்டுபிடிப்பது கஷ்டம், அவள் கண்டுபிடித்தாள்.

ஒரு வாரம் கழித்து எங்கோ தப்பிப் பிழைத்த ஒரு பிடி மூக்கிரட்டையை அவள் வரிசையில் வைத்தபோது துரை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போனான். துத்தியையும் செம்பருத்தியையும் தாண்டினான். கடைசியில் கிடந்த உண்ணிச்செடியின் சொரசொரத்த இலையை வாயில் கவ்விக்கொண்டு வளைக்குள் போய்விட்டான்.

அமிர்தவல்லி ஆடிப்போனாள். உடனே குரூப்பில் போட்டாள்: 'முக்கிய அறிவிப்பு. மூக்கிரட்டை, துத்தி, செம்பருத்தி மூன்றும் ஆபத்து. உண்ணிச்செடி உத்தமம்.'

குஞ்சிதம் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்தாள். "அய்யோ அக்கா, நேத்து வரைக்கும் மூக்கிரட்டைதானே குடுத்தேன்!"

"நேத்து வரைக்கும் பரவாயில்ல" என்றாள் அமிர்தவல்லி. நிபுணர்கள் பேசுகிற தோரணை அவளுக்கு அதற்குள் நன்றாகப் படிந்துவிட்டிருந்தது.

நலத்துறைக்கு இந்த அறிவிப்பு பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. காடு முழுக்க உண்ணிச்செடிதான் மண்டிக் கிடந்தது. அதை என்ன செய்வது என்று பத்து வருடமாக ஒரு கோப்பு நகராமல் கிடந்தது. சம்பந்தம் அந்தக் கோப்பை எடுத்துத் தூசி தட்டி, ஆமை இனத்துக்கு ஓர் ஆண்டுக்கு அட்டை மூலம் உண்ணிச்செடி வழங்க ஆணை போட்டார். அட்டை வைத்திருக்கும் ஆமை ஒன்றுகூடக் கிடையாது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

எடை போடும் நாளுக்கு மூன்று நாள் முன்பு அது நடந்தது. உச்சி வேளை. துரையைக் காணவில்லை. அமிர்தவல்லி தேடிக்கொண்டு பழைய புற்றுக்குப் பின்னால் போனாள். அங்கே இடுப்பளவு என்று சொல்ல முடியாது, கீரிக்கு இடுப்பு எங்கே என்று தெரியாது, ஆனால் திட்டுத்திட்டாகப் பசேலென்று மூக்கிரட்டை படர்ந்திருந்தது. பறிக்க ஆள் வராததால் பத்து நாளில் பரவியிருக்கிறது. நடுவில் துரை. வாயெல்லாம் பச்சை.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் வெட்கப்பட வேண்டுமல்லவா? அவன் அவளைப் பார்த்தான். மெல்வதை நிறுத்தவில்லை.

அவள் வளைக்கு ஓடி மூலையைத் துழாவினாள். பத்து நாள் உண்ணியிலை கடித்த தடத்தோடு காய்ந்து குவிந்து கிடந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் வாயில் கவ்விக்கொண்டு வந்து உள்ளே துப்பியிருக்கிறான்.

"அடப்பாவி, உன்ன நம்பித்தானடா நான் ஊருக்கே சொன்னேன்!" என்று கத்தினாள். கத்தியது காற்றோடு போயிற்று. அவன் புற்றுக்குப் பின்னாலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

அன்று மாலை குஞ்சிதம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாப்பாவின் கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"அக்கா, பத்து நாளா ஒண்ணுமே தொடலை. உண்ணியிலைய மூக்குக்கிட்டக் கொண்டு போனாலே தலைய உள்ள இழுத்துக்குது. நீங்க சொன்னதையே தின்ன மாட்டேங்குதுன்னா இதுக்கு என்ன கொழுப்பு பாருங்க!" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். "வியாழக்கெழம எட போடுறாங்க. தூக்கிட்டுப் போயிருவாங்களாக்கா?"

அமிர்தவல்லி பாப்பாவின் ஓட்டைத் தடவினாள். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இத்தனை நாள் ஊரை ஏமாற்றியது வெளியே வரும். அதுகூடப் போகட்டும், துறையின் பட்டியலைக் கெடுத்த குற்றத்துக்குத் துரையைப் பிடித்துக்கொண்டு போனால்? சொல்லாவிட்டால் பாப்பாவும் இன்னும் பத்து ஆமைகளும் சம்பந்தத்தின் கொல்லைக்குப் போகும். நாளைக்குச் சொல்லலாம் என்று அன்று இருந்தாள். மறுநாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள்.

வியாழக்கிழமை இலுப்பை மரத்தடியில் கூட்டம் கூடியது. பன்னிரண்டு ஆமைகள் வந்திருந்தன. அதில் பதினோரு ஆமைகள் துவண்டு கிடந்தன. கிளையில் தராசைக் கட்டியிருந்தார்கள். சம்பந்தம் ஒரு தோல்பையோடு வந்து உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து இஞ்சி, மிளகு வாசனை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பிச்சமுத்து இரண்டு முறை தும்மினான்.

"எடை பார்ப்பதற்கு முன்பாக ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு" என்று சம்பந்தம் எழுந்தார். "நம் அமிர்தவல்லி அம்மாவைத் துறையின் தலைமைத் தாவர ஆலோசகராக நியமித்திருக்கிறோம். அம்மா இரண்டு வார்த்தை பேச வேண்டும்."

அமிர்தவல்லி எழுந்தாள். குஞ்சிதத்தின் மடியில் கிடந்த பாப்பாவைப் பார்த்தாள். இனி தாங்காது என்று தோன்றியது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒரு செடியும் தெரியாது. ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. எல்லாம் பொய்."

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கைதட்டல் காடே அதிர எழுந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு தன்னடக்கம்!" என்றது ஒரு மிளா மான்.

"கற்றவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்" என்றார் சம்பந்தம். பிச்சமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது மிளகினாலும் இருக்கலாம்.

"அய்யோ, சத்தியமாங்க! மூக்கிரட்டைதான் நல்லது. உண்ணிச்செடி ஆகாது. துரை என்னை ஏமாத்திட்டான்!"

"மேலும் அடக்கம்" என்று சம்பந்தம் குறித்துக்கொண்டார். "சரி, முதல் ஆமையைக் கொண்டு வாருங்கள்."

குஞ்சிதம் பாப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். அமிர்தவல்லிக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. இவ்வளவு நாளும் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், நம்பினார்கள். இன்று நிஜத்தைச் சொன்னாள், கை தட்டுகிறார்கள். அப்படியானால் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்ல வேண்டியதுதான். அவள் தொண்டையைச் செருமினாள். கண்ணைப் பாதி மூடினாள்.

"நில்லுங்க. போன அமாவாசையோட மூக்கிரட்டையில இருந்த விஷம் கீழ எறங்கிடுச்சு. எறங்கி, வேர் வழியாப் போயி, உண்ணிச்செடியில ஏறிடுச்சு. இது நூத்திரண்டு வருஷத்துக்கு ஒருக்காதான் நடக்கும்."

கூட்டம் வாயைப் பிளந்தது.

"அதான் எம் பாப்பா தொடலையா!" என்று குஞ்சிதம் கூவினாள். "இதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்!"

சம்பந்தம் தலையைச் சொறிந்தார். "தாங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் உண்ணிச்செடி ஆணையை இனி மாற்ற முடியாது. ஆணையில் அமாவாசையைச் சேர்க்க இடம் இல்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம்."

"அது கெடக்கட்டும். உணவு இடைவேளை எத்தன மணிக்கு?"

"ஒன்றிலிருந்து மூன்று வரை. அது விதி" என்றார் அவர். விதி என்று வந்துவிட்டால் அவர் நெஞ்சு நிமிர்ந்துவிடும். மணி ஒன்று ஆகியிருந்தது, அவரே தராசைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அமிர்தவல்லி பதினோரு ஆமைகளையும் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கவைத்துப் புற்றுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனாள். இறக்கிவிட்டதுதான் தாமதம். அந்த இரண்டு மணி நேரம் அங்கே நறுக் நறுக்கென்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. துரை ஓர் ஓரமாக நின்று தன்னுடைய தோட்டம் கண்ணெதிரே கரைவதைப் பார்த்தான். கண்ணில் நீர் தளும்பியது. வாயைத் திறக்கவில்லை. அந்த வைராக்கியத்தை மட்டும் பாராட்டத்தான் வேண்டும். அமிர்தவல்லிக்கே பாவமாக இருந்ததால் கடைசிக் கொழுந்து ஒன்றைப் பறித்து, மாலையில் அவனுக்குக் கொடுக்கலாம் என்று கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குத் தராசைத் திறந்தார்கள். முதல் ஆமை தேறியது. இரண்டாவதும் தேறியது. ஒவ்வொன்று தேறும்போதும் சம்பந்தத்தின் முகம் ஒரு சுற்று சிறுத்தது. பாப்பாவை வைத்தபோது முள் ஆடி ஆடிக் கோட்டுக்குக் கீழே போய், மேலே வந்து, கோட்டின் மேலேயே நின்றது. குஞ்சிதம் மயங்கி விழுந்தாள். விழுந்த இடத்தில் உட்கார்ந்திருந்த முயல் அலறிக்கொண்டு எழுந்தது.

கடைசியாகத் துரை. தராசின் தட்டு தடாரென்று தரையில் இடித்தது.

சம்பந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்துக்குக் களை திரும்பியது. "அளவுக்கு மீறிய எடை" என்றார். "எடை குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் துறைக்குக் கவலைதான். கொழுப்பு உடம்புக்கு ஆகாது. எவ்வளவு கொழுப்பு!" உதட்டை நக்கிக்கொண்டார். "மீட்பு மையத்தில் குறைத்துவிடலாம்."

பிச்சமுத்து கயிற்றை எடுத்தான். அமிர்தவல்லி தட்டின் மேல் விழுந்து துரையைக் கட்டிக்கொண்டாள்.

"டேய், பேசுடா!" என்று அவன் காதோரம் கெஞ்சினாள். "பேசினா நீ குடிமகன். குடிமகனைத் தூக்கிட்டுப் போக முடியாது. ஒரே ஒரு வார்த்தை பேசுடா ராசா!"

துரை தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். வளர்ப்பு ஆமையின் வாழ்க்கை அவனுக்கு அவ்வளவு ருசித்திருந்தது. இருக்க இடம், வேளைக்குச் சாப்பாடு, ஊரே தன் வாயைப் பார்க்கிற பெருமை. மீட்பு மையம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. சும்மா இருந்தால் இதுவும் கடந்து போகும் என்று நினைத்தான் போலிருக்கிறது. கயிறு ஓட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. பைக்குள்ளிருந்து மிளகு வாசனை தூக்கலாக வந்தது.

அமிர்தவல்லிக்கு உலகத்தில் எந்தச் செடியும் தெரியாது. ஆனால் துரையைத் தெரியும். அவள் எழுந்தாள். கைக்குள் மறைத்திருந்த கொழுந்தை எடுத்தாள். அவன் மூக்குக்கு எதிரே ஒருமுறை காட்டிவிட்டு, நேரே பாப்பாவிடம் போய் அதன் வாயில் வைத்தாள்.

"ஏய்! அது என்னோடது!"

காடே திரும்பிப் பார்த்தது. துரையின் கழுத்து இதுவரை யாரும் பார்த்திராத நீளத்துக்கு வெளியே வந்திருந்தது. "புடுங்கு அத! மொதல்ல அத வாயிலேருந்து புடுங்கு!"

கயிறு பிச்சமுத்துவின் கையிலிருந்து நழுவியது. அவன் அதைத் தின்றான். சம்பந்தம் நெடுநேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, "பெயர் என்ன?" என்று சுரத்தில்லாமல் கேட்டார்.

அன்று மாலையே துரை அவள் வளையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. குடிமகன் இன்னொருவர் வீட்டில் வளர முடியாது. ஓடைக்கரையில் ஒரு பாறையடியை அவனுக்கு ஒதுக்கினார்கள். அமிர்தவல்லிக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. காலையில் பழக்கதோஷத்தில் பத்துச் செடியைப் பிடுங்கி வரிசையாக வைத்தாள். தாண்டிப் போக ஆளில்லை. அவள் அழுதாள். உயிரோடு இருக்கிறானே என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலைமை ஆலோசகர் வேலைக்குப் போனாள்.

குடிமகன் துரை அட்டையோடு வரிசையில் நின்றான். இவ்வளவு வருடம் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசினான். முன்னால் நின்ற முயலிடம் பேசினான், முந்திப் போன முயலிடம் பேசினான், முயல் யாரும் இல்லாதபோது அட்டையோடு பேசினான். மூன்றாம் நாள் கவுண்டரை எட்டியபோது அதிர்ஷ்டவசமாகக் கதவு திறந்திருந்தது. உள்ளே பிச்சமுத்து. அவன் அட்டையில் ஒரு மூலையைக் கடித்துவிட்டு, ஆணைப்படி ஒரு கட்டு உண்ணிச்செடியை எடுத்து முன்னால் வைத்தான்.

துரை கட்டைப் பார்த்தான். பிச்சமுத்துவைப் பார்த்தான்.

"இதத் திங்கச் சொல்றியா? இந்த எழவு எப்படிப் பட்டியல்ல வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? சொல்றேன் கேளு. வரிசைல நிக்கறவங்களும் கேளுங்க. அந்தக் கீரியம்மாவுக்கு ஒரு செடியும் தெரியாது. தெனமும் காலைல பத்துச் செடிய எனக்கு முன்னால—"

அவன் மேலே பேசவில்லை. பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்து, புதிதாகத் துளிர்த்த மூக்கிரட்டையை ஒரு பிடி அவன் வாய் கொள்ளாமல் திணித்தது. அமிர்தவல்லி அதிகாலையிலேயே புற்றடிக்குப் போய்ப் பறித்து வைத்திருந்தாள். துரை கண்ணை மூடிக்கொண்டான். நறுக் நறுக்கென்று மென்றான்.

"என்னம்மா சொல்ல வந்தாரு?" என்று பிச்சமுத்து கேட்டான்.

"சாப்பாடு ரொம்ப நல்லா இருக்காம்."

பிச்சமுத்து பதிவேட்டைத் திறந்து 'பயனாளி திருப்தி' என்று எழுதினான். எழுதிய பக்கத்தின் ஓரத்தைக் கடித்தான்.

அமிர்தவல்லி அடுத்த பிடியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு அவன் மென்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

நீதி: உண்மை தெரிந்தவர்கள் எப்போதும் வாய் நிறைய எதையாவது மென்றுகொண்டிருக்க வேண்டும். காலியாக இருக்கும் வாய்தான் பேசிவிடுகிறது.